நேரம் தவறினாலும் வரிசை தவறாத வீடு

சிறு குழந்தை உள்ள இல்லத்தில் ஒழுங்கு வேண்டும் என்றவுடன் பெற்றோர் பலரும் கடிகாரத்தையே நினைக்கின்றனர். ஏழு மணிக்குப் பால், பத்து மணிக்குக் குளியல், இரவு எட்டரைக்கு உறக்கம் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுகின்றனர். கணவனோ மனைவியோ வேளை கெட்ட வேளையில் பணிக்குச் செல்பவராக இருந்தால், அந்தத் தாள் ஒரு வாரம்கூடத் தாங்குவதில்லை. பிறகு, 'நம் வீட்டுக்கு இதெல்லாம் ஒத்துவராது' என்னும் சலிப்பே எஞ்சுகிறது.

இரண்டு வயதுக் குழந்தைக்கு மணி தெரியாது. நேற்று, நாளை என்பனவும் தெளிவாக விளங்குவதில்லை. ஆனால் எதற்குப் பின் எது வரும் என்பது அதற்கு நன்றாகத் தெரியும். எண்ணெய்க் கிண்ணத்தைக் கண்டதும் குளியலறைக்கு ஓடுகிறது (அல்லது கட்டிலுக்கு அடியில் ஒளிகிறது). அந்தியில் விளக்கேற்றியதும் கை கூப்புகிறது. கூப்பிய கையை எடுத்ததும் சோற்றுத் தட்டைத் தேடுகிறது. இந்த வரிசையே அதன் கடிகாரம். நேரம் சற்று முன்பின் ஆனாலும் குழந்தை பொறுத்துக்கொள்ளும். வரிசை கலைந்தால்தான் அழுது அடம் பிடிக்கும்.

சென்னையிலிருந்து டெல்லி செல்லும் ரயில் பயணியர் பலர் அறிந்த சந்திப்பு, மத்தியப் பிரதேசத்தின் இட்டார்சி. டெல்லி–சென்னைப் பாதையும் மும்பை–ஹவுரா பாதையும் அங்கே சந்திக்கின்றன. அத்தகைய ஊரின் ரயில்வே குடியிருப்பில் வாழும் ஒரு சரக்கு ரயில் ஓட்டுநரின் குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். அவருக்குப் பணி அழைப்பு வருவது சுமார் இரண்டு மணி நேரத்துக்கு முன்புதான். அது நண்பகலாகவும் இருக்கலாம், நள்ளிரவாகவும் இருக்கலாம். வண்டியை வேற்றூரில் சேர்த்தபின் அங்குள்ள ஓய்வறையில் உறங்கி, மற்றொரு வண்டியுடன் திரும்ப வேண்டும். இஞ்சினில் இருக்கும் நேரமெல்லாம் கைப்பேசி அணைக்கப்பட்டிருக்கும். குழந்தை 'அப்பா எங்கே?' என்று கேட்டால், குரலைக்கூடக் கேட்க வைக்க இயலாது.

இத்தகைய வீட்டில் தந்தை மெல்ல மெல்ல விருந்தினர் ஆகிவிடுவதுண்டு. இரண்டு நாள் கழித்து வந்து ஆசையுடன் தூக்குகிறார். குழந்தை தாயின் புடவைக்குள் முகம் புதைத்து அலறுகிறது. அந்த வேதனையை அவர் வெளியே சொல்வதில்லை. மறுமுறை இனிப்பு வருகிறது, பொம்மை வருகிறது, கைப்பேசியில் படம் காட்டப்படுகிறது. நள்ளிரவில் வந்தாலும் குழந்தையை எழுப்பிக் கொஞ்சுகிறார். மறுநாள் முழுவதும் அக்குழந்தையின் சிணுங்கலைத் தாங்குபவள் தாய். ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் உறக்கம் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேர உறக்கம் வேண்டும் என்றும், இரண்டு வயதில் திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டலாகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டியது. அன்பின் பெயரால் இவ்விரண்டும் மீறப்படுகின்றன.

தந்தை செய்யத்தக்கது, அன்றாட வரிசையில் ஒரு கண்ணியைத் தமக்கென எடுத்துக்கொள்வதே. குளிப்பாட்டுதல் அதற்கு மிகவும் பொருத்தமானது. வீட்டில் இருக்கும் நாளெல்லாம் குளியல் அவருடையது: முதலில் எண்ணெய், பிறகு தலைக்கு நீர், பிறகு அதே துண்டு, அதே சிறு விளையாட்டு. இருபது நிமிடம் போதும். அப்போது கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். 'நேரம் கிடைக்கும்போது உதவுகிறேன்' என்பது இதற்கு ஈடாகாது. உதவி என்ற சொல்லே அந்த வேலை வேறொருவருடையது என்று சொல்லிவிடுகிறது. 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடமும், ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுவதாகத் தெரிய வந்தது. கணவர் ஊரில் இல்லாத நாள்களில் மனைவியின் சுமை இன்னும் கூடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இருபது நிமிடத்தில் அவள் சமையலறைக்கு ஓடாமல் சற்று அமர்ந்திருத்தல் நலம்.

கடினமான பகுதி ஒன்று உண்டு. இரவுப் பணி முடிந்து வந்தவர் பகலில் உறங்கியே ஆக வேண்டும். அது அவர் சுகத்துக்காக மட்டுமன்று. கண் அயர்ந்த ஓட்டுநரால் எத்தனையோ உயிர்களுக்கு ஆபத்து நேரலாம். ஆனால் இரண்டு வயதுக் குழந்தையிடம் 'சத்தம் போடாதே' என்று நாள் முழுவதும் சொல்வது இருவருக்கும் தண்டனை. அங்கன்வாடியில் முன்பருவக் கல்வி மூன்று வயதுக்குப் பின்புதான். ஆகவே குடியிருப்பில் அண்டை வீட்டாருடன் முறை வைத்துக்கொள்வது தக்கது. இன்று இந்தக் குழந்தை அந்த வீட்டுத் திண்ணையில். நாளை அந்த வீட்டுப் பிள்ளைகள் இங்கே. ஒரே தொழில் செய்வோர் அருகருகே வாழ்வதன் பயன் இதுவே. கேட்பதற்குக் கூச்சப்பட்டே பல தாய்மார் தனியே களைத்துப் போகின்றனர்.

பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயம் உணவு, உழைப்பு, உறக்கம், விழிப்பு ஆகியவற்றில் அளவைப் பேசுகிறது. தன் நேரம் தன் கையில் இல்லாத இல்லறத்தாருக்கு அந்த அளவு எளிதில் வாய்ப்பதில்லை. ஆயினும் விளக்கு, உணவு, கதை, உறக்கம் என்னும் அந்தி வரிசையைத் தந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தாய் மாற்றாமல் காக்கலாம்.

இன்னொன்று: அவர் எப்போது வருவார் என்று குழந்தைக்கு வாக்குக் கொடுக்கலாகாது. 'சாயங்காலம் வந்துவிடுவார்' என்று சொல்லி, சரக்கு வண்டி எங்கோ சிக்னலில் நின்றுவிட்டால், பொய்யானது தாயின் சொல்லே. அதைவிட, அவர் புறப்படும்போது அவருடைய தேநீர்க் குவளையை அலமாரியில் கவிழ்த்து வைக்கலாம். திரும்பி வந்ததும் அதை நிமிர்த்தி வைப்பது குழந்தையின் வேலை. நள்ளிரவில் வந்தவர் குழந்தையை எழுப்ப வேண்டாம். குவளையைத் தொடவும் வேண்டாம். காலையில் கண் விழித்த குழந்தை வாசலில் அவருடைய காலணியைக் கண்டு, தானே அலமாரிக்கு ஓடட்டும்.