வண்டிக்குள் ஒரு சாட்சி

சாலை விபத்து நேர்ந்தால் "டிரைவரின் அஜாக்கிரதை" என்ற சொல்லோடு நம் ஊர்களில் விசாரணை முடிந்துவிடுகிறது. அந்த அஜாக்கிரதைக்குக் காரணம் யாது? உறக்கமா, கைப்பேசியா, வளைவை மறைத்து நின்ற சீமைக் கருவேலமா? நேரில் கண்டவர் நால்வரிருந்தால் நான்கு விதமாகக் கூறுவர். ஓட்டியவருக்கே பல வேளைகளில் நினைவிராது.

ஆகவே, வண்டிக்குள்ளேயே கருவிகளை அமைத்து ஆராயும் முறை தோன்றிற்று. அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு நிலையத்தார், நூறு கார்களில் சிறு காமிராக்களையும் வேகம் முதலியவற்றைப் பதியும் கருவிகளையும் பொருத்தி, ஏறத்தாழ ஓராண்டு கண்காணித்தனர். 2006-ல் வெளியான முடிவின்படி, பதிவான மோதல்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 80-ல், மோதலுக்கு முந்திய மூன்று விநாடிக்குள் ஓட்டுபவரின் கவனம் சிதறியிருந்தது. மூன்று விநாடி அற்பமன்று. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி அதற்குள் 50 மீட்டர் கடந்துவிடும்! உறக்கக் கலக்கம் ஆபத்தை நான்கு மடங்குக்குக் குறையாமல் பெருக்குவதும் அங்கே தெரியவந்தது.

மயிரிழையில் தப்பிய 761 நிகழ்ச்சிகளும் அதில் பதிவாயின. இத்தகையவை போலீஸ் நிலையக் குறிப்பில் ஏறுவதில்லை. ஆயினும் அடுத்த விபத்து எங்கே காத்திருக்கிறதென்று காட்டுபவை அவையே. 2021-ல் நாகபுரி நகரப் பேருந்துகளில் தொடங்கிய திட்டம் இவ்வழியையே கைக்கொண்டது. முன்செல்லும் வண்டியை அளவுமீறி நெருங்கினால் கருவி ஒலியெழுப்பும்; ஒலி அடிக்கடி எழும் இடங்களைக் குறித்து, விபத்துக்கு முன்பே சாலையைச் சீர்செய்வது நோக்கம்.

நரிக்குடி வட்டாரத்திற்கு இதனால் பயனென்ன? பள்ளி வாகனங்களில் முன்னும் பின்னும் காமிரா வேண்டுமென்று தமிழக அரசு 2022-ல் விதி செய்தது. உங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஏறும் வண்டியில் அவை இயங்குகின்றனவா என்று பெற்றோரைக் கேட்கச் சொல்லுங்கள். ஆனால் பதிவைக் காட்டிக் கூலியைப் பிடிப்பதென்று வண்டிக்காரர் முனைந்தால், மறுநாளே காமிராவின்மேல் துணி தொங்கும். இரவெல்லாம் கரிமூட்டை ஏற்றிவிட்டு விடியலில் லாரியை எடுப்பவருக்கு எச்சரிக்கை ஒலியைவிட உறக்கமே தேவை. 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி வேலையென வரையறுத்தது. ஒற்றை லாரி வைத்திருப்பவரை அது எட்டியதில்லை.

கருவியில்லாமலும் தொடங்கலாம். மினி பஸ், பள்ளி வண்டி, டிராக்டர் ஓட்டுபவர்களிடம், "திடீரென்று பிரேக் போட நேர்வது எந்த இடத்தில்?" என்று மாதமொரு முறை கேட்டு எழுதிவையுங்கள். ஒரே கண்மாய்க்கரை வளைவை மூவர் சொன்னால் அங்கே முதலில் கருவேலத்தை அகற்றவேண்டும். வேரோடு எடுக்க வேண்டும். வெட்டி மட்டும் விட்டால் ஐப்பசி மழைக்குப் பின் மீண்டும் தழைத்து வளைவை மறைத்துவிடும்.