வரி விதிக்கும் உரிமை: இங்கிலாந்து உள்நாட்டுப் போர் உணர்த்தும் பாடம்

மக்களின் பணத்தைத் திரட்டும் அதிகாரம் யாருக்கு உரியது? 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இக்கேள்வி மன்னரையும் பாராளுமன்றத்தையும் போர்க்களத்தில் எதிரெதிரே நிறுத்தியது. சமயப் பூசல்களும் அப்போருக்குக் காரணமாயின. எனினும், நிதி நிர்வாகம் பயில்வோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது வரிப் பிரச்சினையே ஆகும்.

1625-இல் முதலாம் சார்லஸ் அரியணை ஏறினார். சுங்க வருவாயை மன்னருக்கு வாழ்நாள் முழுமைக்கும் அளிப்பது அக்கால மரபு. மக்கள் சபையோ ஓராண்டுக்கு மட்டுமே அளிக்க முன்வந்தது. பாராளுமன்றத்தின் இசைவின்றி வரி கூடாது என வலியுறுத்திய உரிமை விண்ணப்பத்தை 1628-இல் ஏற்ற மன்னர், மறு ஆண்டே அவையைக் கலைத்தார். பின்னர் 11 ஆண்டுகள் அதனைக் கூட்டவில்லை.

இடைக்காலத்தில் பழைய உரிமைகள் தூசு தட்டி எடுக்கப்பட்டன. ஆபத்துக் காலத்தில் துறைமுக நகரங்கள் கப்பல் தர வேண்டும் என்ற வழக்கம், 1634-இல் அமைதிக் காலத்திலேயே பண வரியாக மாறியது. 1635-இல் கடலையே காணாத உட்பகுதிகளுக்கும் விரிந்தது. ஜான் ஹாம்ப்டன் என்பார் தம் பங்கான 20 ஷில்லிங்கைச் செலுத்த மறுத்தார். 1638-இல் நீதிபதிகள் 12 பேரில் எழுவர் மன்னர் பக்கம் நின்றனர், ஐவர் மாறுபட்டனர். வழக்கில் மன்னர் வென்றார். வசூலிலோ பாக்கி பெருகியது.

ஸ்காட்லாந்துடன் மூண்ட போர் கருவூலத்தை வறளச் செய்யவே, 1640-இல் பாராளுமன்றத்தைக் கூட்டுவது தவிர்க்க இயலாததாயிற்று. 1641-இல் கப்பல் வரி சட்டவிரோதம் என அறிவிக்கப்பட்டது. 1642 ஜனவரியில் ஹாம்ப்டன் உள்ளிட்ட ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய மன்னர் படைவீரர்களுடன் மக்கள் சபைக்கே சென்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் நாட்டிங்ஹாமில் போர்க்கொடி ஏற்றினார்.

இங்கு ஒரு முரண்பாட்டைக் காண்கிறோம். போர்ச் செலவுக்காகப் பாராளுமன்றம் 1643-இல் விதித்த தீர்வைகளும் மாவட்ட வரிகளும் கப்பல் வரியைவிடப் பன்மடங்கு கடுமையானவை. மக்கள் முணுமுணுத்தனர், ஆயினும் பணம் திரண்டது. அப்பணமே 1645-இல் நேஸ்பியில் வென்ற புதிய படையைத் தாங்கியது. 1649-இல் மன்னர் மரண தண்டனைக்குள்ளானார். 1660-இல் முடியாட்சி மீண்டது; தீர்வை நீங்கவில்லை. பாராளுமன்ற இசைவின்றி மன்னருக்காகப் பணம் வசூலிப்பது சட்டவிரோதம் என்பதை 1689-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் உறுதி செய்தது.

இக்கோட்பாடு நம் அரசியலமைப்பிலும் இடம்பெற்றுள்ளது. சட்டத்தின் அதிகாரமின்றி வரி விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது 265-ஆவது பிரிவு. தொகுப்பு நிதியிலிருந்து சட்டப்படியன்றிப் பணம் எடுக்கலாகாது என்கிறது 266-ஆவது பிரிவு. மானியக் கோரிக்கைகளும் நிதி ஒதுக்கீட்டு மசோதாவும் வெறும் சடங்குகள் எனக் கருதுவது தவறு. வசூல் ஆணையில் கையொப்பமிடும் அலுவலர், அதற்கு அதிகாரமளிக்கும் சட்டம் எது என்று முதலில் தேடுதல் வேண்டும். தொகை 20 ஷில்லிங் அளவே சிறியதாயினும் இவ்விதியில் மாற்றமில்லை.