அன்னமா, நெய்யரியா? – விண்ணப்பங்களைச் சலிக்கும் கணிப்பொறி

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் மாணாக்கரை வகைப்படுத்துமிடத்துத் தலைமாணாக்கருக்கு அன்னத்தை உவமையாக்கினார். கடைமாணாக்கருக்கு அவர் கூறிய உவமைகளுள் ஒன்று நெய்யரி. அன்னம் நீரை விலக்கிப் பாலைக் கொள்ளும். பன்னாடையாகிய நெய்யரியோ தெளிந்த நெய்யைக் கீழே ஒழுகவிட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும். தேர்வுக்காக நம் மாணவர் மனப்பாடம் செய்யும் இச்செய்தி, அவர்கள் வேலை தேடிப் புறப்படும் நாளில் வேறொரு வடிவில் எதிரே வந்து நிற்கிறது. இன்று பெரிய நிறுவனங்கள் பலவற்றில் விண்ணப்பத்தை முதலில் படிப்பது மனிதர் அல்லர், ஆள்சேர்ப்பு மென்பொருளே. அது அன்னமாக இயங்குகிறதா, நெய்யரியாக இயங்குகிறதா என்பதை ஓசூர், கிருஷ்ணகிரித் தொழில் வட்டாரத்தை முன்வைத்து ஈண்டு ஆராய்வோம்.

மென்பொருளின் வேலை எளிமையானது. வந்து சேரும் விண்ணப்பத்தை எழுத்துகளாகப் பிரித்துப் பெயர், கல்வி, பட்டறிவு, ஊர் என அறைகளில் இடும். நிறுவனத்தின் பணியாளர் துறை அலுவலர் முன்னரே கொடுத்துள்ள நிபந்தனைகளோடு ஒப்பிடும். மதிப்பெண் இட்டு வரிசைப்படுத்தும். ஐந்நூறு விண்ணப்பங்களுள் ஐம்பது மட்டுமே அலுவலரின் மேசைக்குச் செல்லும். எஞ்சியவற்றை எவரும் காண்பதில்லை. நிபந்தனைகளிலும் இருவகை உண்டு. ஒன்று, இல்லாவிடில் தள்ளிவிடச் சொல்வது. மற்றொன்று, இருந்தால் மதிப்பெண் கூட்டச் சொல்வது. முதல்வகையில் வைக்கத் தகாததை அங்கே வைத்துவிடுவதே பெரும்பிழைகளுக்கு வித்து என்பது நம் கருத்து.

ஓசூரின் வரலாறே இதற்குச் சான்று தரும். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அங்கே கால்கொண்டது. 1980-இல் அசோக் லேலண்ட் ஆலை இயங்கத் தொடங்கியது. 1984-இல் டிட்கோவும் டாட்டா குழுமமும் கூட்டாக டைட்டன் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. கைக்கடிகாரம் கோக்கும் நுண்தொழில் அறிந்தோர் அன்று அவ்வட்டாரத்தில் இல்லை. அந்நிறுவனத்தார் ஊர்ப்புறப் பள்ளிகளை நாடிச் சென்று, படிப்பை முடித்த இளைஞரைத் தெரிந்தெடுத்துத் தாமே பயிற்றுவித்தனர். உடற்குறை உடையோரையும் பணியில் அமர்த்தினர். கடிகாரத் தொழிலில் முன்பட்டறிவு வேண்டும் என்னும் ஒரே ஒரு தள்ளுநிபந்தனையைக் கணிப்பொறியில் அன்று இட்டிருந்தால், அப்பிள்ளைகளுள் ஒருவரும் தேறியிருக்கமாட்டார். அவர்களிடம் இருந்தவை கூரிய கண்ணும் நிதானமான விரலும் கற்கும் மனமும் ஆகும். இவற்றை எந்த அறையில் நிரப்புவது?

எல்லைப்புற வாழ்வு தரும் சிக்கல்கள் வேறு. ஜூஜூவாடியைக் கடந்தால் அத்திப்பள்ளி, அதுவோ கர்நாடகம். ஓசூரிலிருந்து பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டி முப்பது கிலோமீட்டருக்கும் குறைவு. நாள்தோறும் பேருந்தில் சென்று திரும்புவோர் பலர். ஆயினும் ‘பெங்களூரு’ என்று ஊர்நிபந்தனை இட்ட மென்பொருளுக்கு ஓசூர்க்காரர் அயலூரார். பெங்களூரின் மறுகோடியில் இருப்பவரே உள்ளூரார். (உள்ளூரார் யார் என்னும் வினா அரசுகளையே அலைக்கழிக்கிறது. தனியார் துறையில் கன்னடருக்கு இடஒதுக்கீடு தரும் மசோதாவுக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூலையில் ஒப்புதல் அளித்து, சில நாட்களிலேயே நிறுத்திவைத்ததை நினைவுகூரலாம்.)

மாவட்டத்தின் பெயரும் இத்தகையதே. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். அதற்கு முன் பிறந்தோரின் பிறப்புச் சான்றில் தருமபுரி மாவட்டம் என்றே இருக்கும். 1997-இல் பெரியார் பல்கலைக்கழகம் தோன்றுமுன் பட்டம் பெற்றோரின் சான்றில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். ஒரே ஊரில் ஒரே கல்லூரியில் பயின்ற அண்ணனும் தம்பியும் மென்பொருளுக்கு வெவ்வேறு நாட்டினர் போலத் தோன்றக்கூடும்.

பெயர்கள் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தமிழருக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்தே உண்டு. படிவமோ ‘கடைசிப் பெயர்’ அறையை நிரப்பாமல் மேலே செல்ல விடாது. ஒருவர் தலைப்பெழுத்தை இடுகிறார். மற்றொருவர் தந்தை பெயரை இடுகிறார். பிறகு ஆதாரோடு பொருந்தவில்லை என்னும் குறிப்பு வருகிறது. முகமது என்னும் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை வகையாக எழுதுகிறோம் என்று நம் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலே தெரியும். ‘எம்.டி.’ என்று சுருக்கி எழுதினாலோ அது மருத்துவப் பட்டமாகவும் தோன்றலாம்!

நம் துறையில் பயின்ற மாணவர் இருவர் ஒரு நிறுவனத்தின் பண்டகசாலை எழுத்தர் பணிக்கு ஒரே பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தனர். இருவருக்கும் சொந்த மின்னஞ்சல் இல்லை. கடைக்காரர் தம் முகவரியையே இருவருக்கும் இட்டார். மின்னஞ்சலை அடையாளமாகக் கொள்ளும் மென்பொருள், இருவரையும் ஒருவர் என்று கருதி முதல் விண்ணப்பத்தின் மேல் இரண்டாவதை எழுதிவிட்டது. முதலாமவர் அழைப்பை எதிர்பார்த்து இரண்டு திங்கள் காத்திருந்தார். அவர் தகுதியற்றவர் என்று எவரும் முடிவு செய்யவில்லை. அவர் விண்ணப்பித்ததே எவருக்கும் தெரியாது.

மென்பொருள் நடுநிலையானது, அதற்குச் சாதியும் மதமும் இல்லை என்பார் உளர். அமேசான் நிறுவனம் 2014 முதல் உருவாக்கிய கருவியின் கதையை அவர்கள் அறிதல் நலம். பழைய விண்ணப்பங்களைக் கொண்டு பழக்கப்பட்ட அக்கருவி, அவற்றுள் பெரும்பாலானவை ஆடவருடையவை ஆதலின், ‘மகளிர்’ என்னும் சொல் வந்தால் மதிப்பெண்ணைக் குறைத்தது. மகளிர் கல்லூரிகள் இரண்டில் பயின்றோரையும் தாழ்த்தியது. நிறுவனம் அதனைக் கைவிட்டது. செய்தி 2018 அக்டோபரில் வெளியாயிற்று. கிருஷ்ணகிரி அரசு மகளிர் கலைக் கல்லூரியில் பயிலும் நம் பெண்மக்களை இத்தகைய கருவியொன்று எப்படி நடத்தியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க.

கருவி கற்பது நம்மிடமிருந்தே. சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் இந்திய நாளேடுகளில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஒத்த தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பி ஆய்ந்தனர். 2007-இல் வெளிவந்த அவ்வாய்வில் தலித் பெயர்களுக்கும் முஸ்லிம் பெயர்களுக்கும் அழைப்பு வரும் வாய்ப்பு குறைந்தே காணப்பட்டது. முஸ்லிம் பெயர்களுக்கு மிகக் குறைவு. இத்தகைய பழைய தேர்வுகளைப் பாடமாகக் கொடுத்துவிட்டுக் கணிப்பொறியிடம் நீதியை எதிர்பார்த்தல் எங்ஙனம்?

இதனால் மென்பொருளே வேண்டா என்பது நம் கருத்தன்று. ஆயிரம் விண்ணப்பங்களை மாலைக்குள் புரட்டும் அலுவலரின் சோர்ந்த கண்ணும் நம்பத்தக்கதன்று. முதற்சுற்றில் பெயர், பாலினம், ஊர் ஆகியவற்றை மறைத்துவைக்கும் வசதி இத்தகைய மென்பொருள்கள் பலவற்றில் உண்டு. அதனைப் பயன்படுத்துவோர் எத்தனை பேர்? நிறுவனத்தில் இப்போது திறம்படப் பணிபுரியும் இருபது தொழிலாளரின் பழைய விண்ணப்பங்களைச் சல்லடையில் இட்டுப் பார்க்கலாம். அவர்களே தேறாவிடில் பிழை சல்லடையினுடையது. தள்ளப்பட்ட குவியலிலிருந்து குலுக்கலாகச் சிலவற்றை எடுத்து மனிதர் ஒருவர் படித்தல் வேண்டும். இது செலவில்லாத சோதனை. ஆனால் பெரிதும் புறக்கணிக்கப்படுவது.

தள்ளுநிபந்தனைகளை வெளிப்படையாக அறிவித்தலும் வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், வாரிய உறுப்பினராக நிற்போரின் வயது, நிலம், வீடு, கல்வி முதலிய தகுதிகளையும், யார் நிற்கலாகாது என்பதையும் ஊரறியச் சுவரில் எழுதிவைத்தன. அத்தகுதிகள் பலரை விலக்கியவையே. அவற்றை இன்று நாம் ஏற்கமாட்டோம். ஆயினும் விலக்கப்பட்டவர் தாம் எதனால் விலக்கப்பட்டோம் என்பதை அறிந்திருந்தார். இன்றைய விண்ணப்பதாரருக்கு அந்த அளவும் கிட்டுவதில்லை.

மாணவச் செல்வங்களுக்கு இரண்டொரு சொல். சொந்த மின்னஞ்சல் முகவரி ஒன்றை இன்றே தொடங்குக. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளவாறே எல்லா இடத்தும் பெயரை எழுதுக. படிப்பின் பெயரைச் சுருக்கமாகவும் விரிவாகவும் இருமுறை தருக, டி.எம்.இ. என்று மட்டும் எழுதினால் இயந்திரவியல் பட்டயம் என்று கருவி உணராமற்போகலாம். விண்ணப்பத்தைப் புகைப்படமாக எடுத்து அனுப்பற்க. படத்திலுள்ள எழுத்தை எல்லாக் கருவிகளும் படிப்பதில்லை. தமிழில் எழுதுவோர் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களைத் தவிர்க்க. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கருவிக்கு அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளே. தமிழக அரசு 2010-இலேயே ஒருங்குறியைத் தரமாக ஏற்றுள்ளது. நம் துறைக் கணிப்பொறியில் ஒருங்குறித் தட்டச்சு பழக விரும்புவோர் வகுப்பு முடிந்தபின் வரலாம்.