இணையக் கடைக்கு ஏற்ற கூடை

கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகக் குழுக்களில் இப்பொழுது அடிக்கடி எழும் கேள்வி ஒன்றுண்டு. இணையத்தில் கடை வைக்கலாமா என்பதன்று அது. அது அநேகமாக முடிவாகிவிட்ட விஷயம். வார இறுதியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் புதுச்சேரிக்கு வருவோர் நேரு வீதியில் ஒரு சேலை வாங்கிச் செல்கின்றனர். ஊர் திரும்பியபின் அதைப் போல் இன்னொன்று வேண்டுமென்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்கின்றனர். அவர்களுக்கு விற்க வேண்டும் என்பதில் இருவேறு அபிப்பிராயம் இல்லை. எந்த மென்பொருளைக் கொண்டு விற்பது என்பதே கேள்வி.

ஆங்கிலத்தில் ஷாப்பிங் கார்ட் என்று கூறப்படுவதை நாம் கூடை என்றே குறிப்பிடுவோம். வாடிக்கையாளர் திரையில் கண்ட சரக்கை இக்கூடையில் இடுகிறார். கூடை விலையைக் கூட்டி, வரியையும் அனுப்பும் செலவையும் சேர்த்து, பணம் பெறுமிடத்திற்கு அவரை அனுப்பி, பணம் வந்ததும் பட்டியல் போட்டு, இருப்பில் ஒன்றைக் குறைக்கிறது. ஆக, கடையில் விற்பனையாளர், காசாளர், சரக்குக் கணக்கர் ஆகிய மூவர் செய்யும் வேலையை இது ஒன்றே செய்கிறது. மூவரை நியமிக்கும்போது எவ்வளவு விசாரிப்போமோ அவ்வளவு விசாரிப்பது இதற்கும் தகும்.

தூர தேசத்து வாடிக்கை நம் ஊருக்குப் புதிதன்று. அவுரியில் தோய்த்த நீலத் துணி, கினே என்னும் பெயரில், 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு வணிகர் வழியே மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் பகுதிக்குச் சென்றது. அங்கே பிசின் வாங்குவதற்கு அத்துணியே நாணயத்தைப் போல் வழங்கியது. ஆனால் நெய்தவர் உடுத்தியவரை அறியார். உடுத்தியவர் நெய்தவரை அறியார். இருவரையும் அறிந்த வணிகரிடமே கணக்கு இருந்தது, லாபமும் இருந்தது. இணையக் கடையிலும் இதுவே முதலில் கேட்க வேண்டியது: வாங்குவோரின் முகவரியும், விற்ற கணக்கும், சரக்குப் பட்டியலும் யார் கையில் இருக்கும்?

இக்கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நம் முன் உள்ள வழிகளைப் பார்க்கலாம். பெரிய இணையச் சந்தைகளில் நமக்கென ஓர் இடம் பெறுவது ஒரு வழி. மத்திய ஜவுளி அமைச்சகம் நெசவாளருக்கும் கைவினைஞருக்குமென இந்தியாஹேண்ட்மேட் என்னும் தளத்தை நடத்துகிறது. அதில் சேருவது எந்தச் சங்கத்திற்கும் நஷ்டமன்று. ஆயினும் சந்தையில் கூட்டம் சந்தைக்காரருடையது. மற்றொரு வழி வாடகைக் கடை. கனடா நாட்டின் ஷாப்பிஃபை இவ்வகையில் பெயர் பெற்றது. பனிச்சறுக்குப் பலகை விற்க முயன்ற சிலர், தமக்கேற்ற மென்பொருள் கிடைக்காமல் தாமே எழுதிக்கொண்டதில் பிறந்து, 2006-இல் பிறருக்கும் திறக்கப்பட்டது அது. மாதந்தோறும் வாடகை கட்டினால் பழுது பார்ப்பது, பாதுகாப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. வாடகை நின்றால் கடையும் நிற்கும். மூன்றாவது, சொந்தக் கடை. வூகாமர்ஸ் (2011), ஓப்பன்கார்ட், பிரான்சில் தோன்றிய பிரெஸ்டாஷாப் முதலியன இலவசமாகக் கிடைக்கும் திறந்தமூல மென்பொருள்கள். விலையில்லை என்பதால் செலவில்லை என்று எண்ணலாகாது. இடம் தரும் சேவையகத்துக்கு வாடகை, துணை மென்பொருள்களுக்கு ஆண்டுச் சந்தா, பராமரிப்பவருக்கு ஊதியம் என்று செலவு வேறு பெயர்களில் வந்து சேரும்.

எதைத் தேர்ந்தாலும் கைத்தறிக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. இக்கூடைகள் பெரும்பாலும் ஆலைச் சரக்கை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. ஒரே சட்டை, நான்கு அளவு, மூன்று வண்ணம், ஒவ்வொன்றிலும் நூறு உருப்படி என்றால் அவை அழகாக வேலை செய்யும். நம்மிடமோ ஒரு சேலைக்கு இருப்பு ஒன்று. அடுத்த சேலையில் கரை மாறும். சாயம் ஒரு மாற்றுக் கூடவோ குறையவோ நிற்கும். அச்சேலை இணையத்திலும் இருக்கிறது, கடை அலமாரியிலும் இருக்கிறது. காலை பதினொரு மணிக்குக் கடையில் ஒருவர் அதை வாங்கிச் செல்கிறார். பதினொன்றேகாலுக்கு டில்லியிலிருந்து ஒருவர் பணம் கட்டுகிறார். ஒரு சேலைக்கு இரண்டு விலை வாங்கியாயிற்று. பணத்தைத் திருப்பிவிடலாம், அந்த வாடிக்கையாளரைத் திருப்புவது கடினம்.

ஆகவே கடையில் பட்டியல் போடும் கணினியும் இணையக் கூடையும் ஒரே இருப்பைப் பார்க்குமா என்று விற்பவரிடம் கேட்க வேண்டும். பார்க்காது என்றால் சேலைகளை இரண்டாகப் பிரித்து, இணையத்துக்கென ஒதுக்கியவற்றைத் தனி அலமாரியில் பூட்டி வைப்பதே நல்லது. சிறு சங்கத்துக்கு இம்முறையே போதும் என்பது நம் கருத்து; ஆடம்பரமான இணைப்பு எதுவும் வேண்டியதில்லை. இன்னொன்று: பொதுவாகக் கூடையில் இட்ட மாத்திரத்தில் சரக்கு ஒதுக்கப்படுவதில்லை. வாங்க முடிவு செய்து, பணம் கட்டும் படிக்குச் சென்ற பிறகே ஒதுக்கப்படும். வூகாமர்ஸில் பணம் வராத ஆர்டருக்கு 60 நிமிடம் சரக்கை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. அந்நேரத்தை நாம் மாற்றிக்கொள்ளலாம். ஒற்றைச் சேலை விற்போர் அதைக் குறைத்து வைப்பது உசிதம்.

மீட்டர் கணக்கில் துணி விற்கும் சங்கங்கள் வேறொன்றும் கவனிக்க வேண்டும். பல கூடைகள் முழு எண்ணையே ஏற்கும். இரண்டரை மீட்டர் என்றால் மறுக்கும். துணை மென்பொருள் சேர்க்க வேண்டும், அல்லது அரை மீட்டரை ஓர் உருப்படியாக எழுத வேண்டும். உளுந்தும் எள்ளும் விற்கும் விவசாய அங்கத்தினருக்கும் இது பொருந்தும்.

இனி வரி. புதுச்சேரிச் சங்கத்துக்கு இதில் வேறெங்கும் இல்லாத சிக்கல் ஒன்று இருக்கிறது. நம் யூனியன் பிரதேசம் நான்கு துண்டுகளாகக் கிடக்கிறது. மலையாளக் கரையிலுள்ள மாஹேக்கும், ஆந்திரத்தின் நடுவிலுள்ள ஏனாமுக்கும், காரைக்காலுக்கும் அனுப்பும் சரக்கு உள்ளூர் விற்பனையே. அதற்கு மத்திய ஜி.எஸ்.டி.யும் மாநில ஜி.எஸ்.டி.யும் சரிபாதி. பக்கத்திலிருக்கும் விழுப்புரத்துக்கு அனுப்பினாலோ அது வெளிமாநில விற்பனை; ஐ.ஜி.எஸ்.டி. போட வேண்டும். அஞ்சல் குறியீட்டைக் கொண்டு இதைத் தீர்மானிக்க முடியாது. புதுச்சேரி நகரம் 605001, ஆரோவில் 605101, விழுப்புரம் 605602. மூன்றும் 605 என்றே தொடங்குகின்றன, பின்னிரண்டும் தமிழ்நாடு. மாறாக மாஹே 673310, ஏனாம் 533464. முதல் மூன்று இலக்கத்தை நம்பி வரி போடும் கூடை எதுவாயினும் நமக்கு உதவாது. வாங்குபவர் தேர்ந்தெடுக்கும் மாநிலத்தின் பெயரைக் கொண்டு வரி பிரிப்பதாக அது இருக்க வேண்டும். 2006-இல் மாறிய நம் பெயர், பாண்டிச்சேரி என்றே இன்னும் எங்காவது கிடக்கிறதா என்றும் பார்த்துக்கொள்க.

வரி விகிதமும் நிலையாக நிற்பதில்லை. தைத்த ஆடைக்கு உருப்படி விலை 1,000 ரூபாய் வரை 5 சதமும், அதற்கு மேல் 12 சதமும் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை 5 சதம், அதற்கு மேல் 18 சதம் என்றாயிற்று. விலையைப் பொறுத்து வரி மாறும் இவ்விதியைக் கூடை தானே அறியுமா, அல்லது ஒவ்வொரு சட்டைக்கும் நாமே குறிக்க வேண்டுமா? விகிதம் மாறினால் சங்கத்துக் கணக்கரே திருத்த முடியுமா, அல்லது மென்பொருள்காரர் வரும் வரை தவறான பட்டியலே போய்க்கொண்டிருக்குமா? தணிக்கையின்போது வித்தியாசத்தைக் கட்ட வேண்டியது சங்கமே; மென்பொருள்காரர் அல்லர்.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். மெஜன்டோ என்பது உலகெங்கும் பெரிய கடைகள் உபயோகித்த கூடை. அதன் முதற் பதிப்புக்குரிய ஆதரவு 2020 ஜூன் 30-உடன் நின்றது. புதிய பதிப்புக்கு மாறாமல் பலர் காலம் கடத்தினர். அவ்வாண்டு செப்டம்பரில் ஒரே வார இறுதியில் சுமார் 2,000 கடைகளில் திருடர் புகுந்து, வாங்குவோர் தட்டச்சு செய்த அட்டை எண்களைக் களவாடும் நிரலை வைத்துவிட்டனர். சொந்தக் கடை வைப்போர் இதனை மறக்கலாகாது. புதுப்பிக்க ஆள் இல்லாத சங்கம் வாடகைக் கடைக்குச் செல்வதே விவேகம். பணம் பெறுவதையும் பேமெண்ட் கேட்வே நிறுவனத்தின் பக்கத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது. 2022 அக்டோபர் முதல் வணிகர் எவரும் அட்டை எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாதென்பது ரிசர்வ் வங்கியின் விதி.

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில் நாம் மிகுதியாகக் காணும் குறை மென்பொருளில் இல்லை, பத்திரத்தில் இருக்கிறது. கடையின் டொமைன் பெயர், அமைத்துக் கொடுத்த இளைஞரின் சொந்தப் பெயரில் பதிவாகியிருக்கும். கடவுச்சொல் முன்னாள் காரியதரிசியின் கைப்பேசிக்கு வரும். அவர் விலகிய பின் கடை திறந்திருக்கும். ஆனால் விலையை மாற்றச் சங்கத்தில் ஒருவராலும் இயலாது. நிலத்தைக் காரியதரிசி பெயரில் பத்திரம் செய்ய எந்த மகாசபையாவது சம்மதிக்குமா? டொமைன் பெயர், சேவையகக் கணக்கு, கேட்வே கணக்கு ஆகியவற்றைச் சங்கத்தின் பெயரிலும் சங்கத்தின் மின்னஞ்சலிலும் பதிவு செய்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கடவுச்சொற்களை உறையிலிட்டு முத்திரை வைத்துப் பெட்டகத்தில் வைக்க வேண்டும். வாங்கும்போதே பிரிந்து போகும் வழியையும் கேட்டுக்கொள்க: சரக்குப் பட்டியல், வாடிக்கையாளர் விவரம், பழைய ஆர்டர்கள் இம்மூன்றையும் கோப்பாக இறக்கிக்கொள்ள முடியுமா? படங்களும் வருமா? "ஏன் சார், இப்போதே போவதைப் பற்றிப் பேசுகிறீர்கள்?" என்று விற்பவர் சிரிக்கக்கூடும். அதனால் கேள்வியை விட்டுவிட வேண்டாம்.

தீர்மானம் நிறைவேற்றுமுன் சோதனைக் கொள்முதல் நடத்துவது அவசியம். தேர்ந்த மென்பொருளில் மூன்றே சரக்கை ஏற்றுக: ஒற்றைச் சேலை ஒன்று, மீட்டர் துணி ஒன்று, 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட சட்டை ஒன்று. அங்கத்தினர் மூவர் தத்தம் கைப்பேசியிலிருந்து மாஹே முகவரிக்கும், ஆரோவில் முகவரிக்கும், ஏனாம் முகவரிக்கும் வாங்கிப் பார்க்கட்டும். அவர்களுள் இருவர் ஒரே நிமிடத்தில் அந்த ஒற்றைச் சேலையை எடுக்கட்டும். வரி பிரிந்த விதத்தைக் கணக்கர் சரி பார்ப்பாராக. பிறகு ஒரு கொள்முதலை ரத்து செய்து, பணம் எத்தனை நாளில் திரும்புகிறது, சேலை இருப்பில் தானே ஏறுகிறதா என்று குறித்துக்கொள்க. புகார் ஒன்றும் எழுதிப் போடலாம். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் அதற்கு ஒப்புகையும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும்; அக்கடிதம் சங்கத்தில் யாருடைய பார்வைக்கு வந்து சேருகிறது என்பதும் அப்போது தெரிந்துவிடும்.