புத்தி தடுமாறவில்லை, மாத்திரைதான் தடுமாற வைத்தது

எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று போன வருஷம் மாசி மாதம் இண்டூரில் எங்கள் தெருவே பேசியது. இல்லை. அது மாத்திரை செய்த வேலை.

எனக்கு 62 வயது. தருமபுரிக்கு பஸ் ஏறினால் இறங்குவதற்குள் இரண்டு முறை அவசரம் வரும். ராத்திரி நாலு தடவை கொல்லைக்கு நடப்பேன். சிறுநீர், சர்க்கரை, ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு, மூத்திரப்பை அவசரப்படுகிறது என்று சோலிஃபெனசின் 5 மில்லிகிராம் எழுதினார்கள். நாலைந்து வாரத்தில் ராத்திரி நடை ஒன்றாகக் குறைந்தது. வாய் மட்டும் காய்ந்தது. களி உருண்டையைக் குழம்பில் முக்கி விழுங்கினாலும் தொண்டையில் நின்றது. பொறுத்துக்கொண்டேன்.

பிறகுதான் அந்தத் தவறு. சளி பிடித்தது. கடையில் கேட்டு வாங்கி, குளோர்பெனிரமின் மூன்று வேளை போட்டேன். வயிறு பிசைந்ததற்கு டைசைக்ளோமின் ஒன்றும் சேர்த்துக் கொடுத்தார்கள். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கடையில் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையிலிருந்து சொட்டுச் சிறுநீர் இல்லை. அடிவயிறு கல்லாகிவிட்டது. ராத்திரி, செத்துப்போன என் அம்மாவை வாசலில் உட்காரச் சொல்லிக் கூப்பிட்டேனாம். சுவரில் எறும்பு ஊருகிறது என்று துடைத்துக்கொண்டே இருந்தேனாம்.

"வயசாயிடுச்சு, இனி இப்படித்தான்" என்றான் மகன். நாத்தனார் மந்திரிக்க ஆள் கூட்டி வரக் கிளம்பினார். எட்டாவது படிக்கும் என் பேரன் மட்டும் அலமாரியில் இருந்த மாத்திரை அட்டைகளை மஞ்சப்பையில் வாரிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தான். டியூப் போட்டுச் சிறுநீரை வடித்த டாக்டர், அந்தப் பையைக் கொட்டிப் பார்த்ததும் கேட்டார்: "ஊமத்தங்காய் தின்னவங்களைப் பாத்திருக்கீங்களாம்மா?"

பார்த்திருக்கிறேன். வாய் காய்ந்து, கண்மணி விரிந்து, வெறும் காற்றைப் பிடிப்பார்கள். ஊமத்தையில் இருக்கும் அட்ரோபினும் என் மூன்று மாத்திரைகளும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. சுருங்கு என்று மூத்திரப்பைத் தசைக்கு நரம்பு அனுப்பும் சேதிக்கு அசிட்டைல்கோலின் என்று பெயர். அந்தச் சேதி வந்து இறங்கும் இடம் மஸ்கரினிக் ஏற்பி. மாத்திரை அதில் முன்பே போய் உட்கார்ந்துகொள்கிறது. அதே ஏற்பி எச்சில் சுரப்பியிலும் குடலிலும் கண்ணிலும் மூளையிலும் உண்டு. ஒரு மாத்திரை என்றால் வாய் காய்வதோடு போயிருக்கும். மூன்று சேர்ந்ததும் மூத்திரப்பை அசையவே மறுத்தது, மூளை கலங்கியது. மருந்துகளை நிறுத்திய மூன்றாம் நாள் நான் பழையபடி ஆனேன்.

பட்டவள் சொல்கிறேன், கேளுங்கள்.

எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா அட்டைகளையும் பையோடு கொண்டுபோங்கள். சளி, வயிற்றுவலி, தூக்கம், கால் எரிச்சல் எதற்கு மாத்திரை வாங்கினாலும் "இது வாயைக் காய வைக்குமா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் மூத்திரப்பை மாத்திரையைக் காட்டாமல் வாங்காதீர்கள்.

கண்ணில் அழுத்த நோய் இருந்தாலும், ஆண்களுக்குப் புராஸ்டேட் வீங்கியிருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மலச்சிக்கலை விடாதீர்கள். கட்டிய மலம் மூத்திரப்பையை அழுத்தி அவசரத்தைக் கூட்டும். கீரையும் பப்பாளியும் நம் ஊரில் கிடைக்காததா?

தண்ணீரை நிறுத்தாதீர்கள். சாயங்கால டீயை நிறுத்துங்கள். அவசரம் வந்ததும் ஓடாமல், சிறுநீரை அடக்கும் அடித்தசையை இறுக்கி ஐந்து நிமிஷம் தள்ளிப்போடுங்கள். வாரத்துக்கு வாரம் அந்த நேரத்தைக் கூட்டுங்கள்.

மாத்திரையே வேண்டாம் என்றார்கள் வீட்டில். ராத்திரி இருட்டில் கொல்லைக்கு நடப்பது அவர்கள் கால் இல்லையே. இப்போது மிராபெக்ரான் சாப்பிடுகிறேன். அது வேறு ஏற்பி வழியாகத் தசையைத் தளர்த்துகிறது, வாய் அவ்வளவாகக் காய்வதில்லை. ரத்த அழுத்தம் ஏறலாம் என்பதால் பார்த்துக்கொள்கிறேன். விலை கூடத்தான். புளி விற்ற என் காசில் வாங்குகிறேன்.

மறதி நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் வரும். நேற்றுவரை கணக்குப் பார்த்த பெரியவர் இரண்டே நாளில் பிதற்றினால், அவர் வயதை எண்ணாதீர்கள். தலைமாட்டில் இருக்கும் அட்டைகளை எண்ணுங்கள். எங்கள் வீட்டில் அதைச் செய்யத் தோன்றியது ஒரு பதின்மூன்று வயதுப் பையனுக்கு மட்டும்தான்.