பைபாஸுக்குப் பின் வரும் மறதி

சில வருஷங்களுக்கு முன் என் மாமனாருக்குத் தில்லியில் பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. மூன்றாம் நாள் ஐ.சி.யூ.வில் போய் நின்றேன். "விழுப்புரம் தாண்டியாச்சா, மாப்பிள்ளை?" என்றார். ஊருக்குப் போகும் ரயிலில் இருப்பதாக நினைப்பு. முப்பது வருஷம் இந்தியில் ஆபீஸ் நடத்தியவர், நர்ஸ் இந்தியில் கிழமை கேட்டதற்கு விழித்துக்கொண்டிருந்தாராம். நான் தமிழில் கேட்டேன். "புதன்" என்றார். அன்று செவ்வாய்தான். ஆனாலும் பதில் வந்ததே!

இதை டாக்டர்கள் டெலிரியம் என்கிறார்கள். பைத்தியம் அல்ல. முதல் சில நாட்களில் வரும். காலையில் தெளிவு, இரவில் குழப்பம் என்று மாறும். வயது, தூக்கமின்மை, வலி, மருந்துகள், கிருமித்தொற்று எல்லாம் காரணமாகலாம். கத்துபவரை எல்லாரும் கவனிப்பார்கள். பேசாமல் சுருண்டு கிடப்பவரைத்தான் கவனிக்கத் தவறுகிறோம்.

வீடு திரும்பிய பின் வரும் மறதி வேறு. வைத்த பொருள் மறக்கும், கணக்கு தடுமாறும். அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழக டாக்டர்கள் 261 பைபாஸ் நோயாளிகளைச் சோதித்து 2001இல் முடிவை வெளியிட்டார்கள். வீடு திரும்பும்போது 53 சதவீதம் பேருக்கு நினைவாற்றல், கவனம் போன்றவற்றில் குறைவு. ஆறு மாதத்தில் அது 24 ஆக இறங்கியது. ஐந்து வருஷத்தில் 42 ஆக ஏறியது. பழி முழுவதும் இதய-நுரையீரல் இயந்திரத்தின் மேல் விழுந்தது. ஆனால் அந்த இயந்திரமில்லாமல் ஆபரேஷன் செய்தும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆபரேஷனே செய்துகொள்ளாத இதய நோயாளிகளுக்கும் வருஷங்கள் போகப்போக ஏறக்குறைய அதே சரிவு இருந்தது. ரத்தக்குழாய் நோய், ரத்தக்கொதிப்பு, சர்க்கரை ஆகியவற்றுக்கும் இதில் பங்குண்டு. மறதிக்குப் பயந்து ஆபரேஷனைத் தள்ளிப்போடுவது சரியல்ல என்பது என் எண்ணம்.

நம்மைப் போல் வெளி மாநிலத்தில் இருப்பவர்கள், நோயாளியின் தாய்மொழி தமிழ் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே நர்ஸிடம் சொல்லிவிடுங்கள். கண்ணாடி, காது மெஷின், ஒரு கடிகாரம் அருகில் இருக்கட்டும். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் உட்கார்ந்து, இன்ன ஊர், இன்ன நாள் என்று தமிழில் மெதுவாகச் சொல்ல வேண்டும். வாதாட வேண்டாம். (நான் "இது ரயில் இல்லை" என்று வாதாடினேன்; என்னை டிக்கெட் பரிசோதகர் என்று நினைத்துவிட்டார்.) திடீரென்று வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை விழுந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம், அந்த நிமிஷமே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

முதல் சில வாரம் பாங்கு, பத்திர வேலைகளை மாமனாரிடம் கொண்டுபோகவில்லை. மூன்றாம் மாதம் பால் கணக்கு நோட்டைத் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். நான் எழுதியதில் இரண்டு இடத்தில் தப்பு இருந்தது.