சுடுதண்ணீர் மட்டும் நூலாக வருகிறதே?

கேள்வி: புதிதாக ஹீட்டர் பூட்டினோம். பச்சைத் தண்ணீர் நன்றாக வருகிறது. சுடுதண்ணீர் மட்டும் நூலாக ஒழுகுகிறது. ஹீட்டர் பழுதா?
- வாசகி, மஸ்கெலியா

பதில்: அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள். உங்கள் ஊர்க் குளிருக்குத் தண்ணீரை 20 பாகையாவது ஏற்ற வேண்டுமே! 3.5 கிலோவாட் உடனடி ஹீட்டரால் அப்படி நிமிடத்துக்கு இரண்டரை லீற்றர்தான் தர முடியும். வாளி வைத்து அளந்து பாருங்கள்.

அதற்கும் குறைவென்றால், கரண்டை மெயினில் நிறுத்தி, தண்ணீரையும் அடைத்துவிட்டு, ஹீட்டருக்குள் தண்ணீர் நுழையும் இடத்து வலையைக் கழற்றச் சொல்லுங்கள். பீலித் தண்ணீரின் மணலும், புதுக் குழாய் அறுத்த பிளாஸ்டிக் சீவலும் அங்கேதான் அடையும். பூட்டிய பாஸ் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்!

வலை சுத்தமென்றால் டாங்கியைப் பாருங்கள். 10 மீற்றர் உயரத்துக்குத்தான் 1 பார் அழுத்தம். கூரையளவு உயரம் பச்சைத் தண்ணீருக்குப் போதும். ஹீட்டரின் ஒடுங்கிய வழிக்குப் போதாது. டாங்கியை உயர்த்துங்கள், அல்லது சிறிய பம்ப் பூட்டுங்கள்.